பப்படமும் பதினோரு தேங்காயும்

போன ஞாயிற்றுக்கிழமை விதுரா என்கிற மலையடி ஊர் வரைக்கும் ஒரு டிரிப் போய் வந்தோம். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. எங்கள் நாய் நாலு வாய் சாப்பிட வேண்டுமே என்று!

நாயின் பெயர் பப்படம். பொரித்த பப்படத்தின் நிறம், அங்கங்கே அதே மாதிரிப் புள்ளி. பெயர் வைத்தவர் என் வீட்டுக்காரர் சங்கரன். தெருவிலிருந்து தூக்கி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. குக்கர் விசில் அடித்தால் என் காலுக்குப் பின்னால் ஒளிவாள். மிக்ஸி போட்டால் கட்டிலுக்கடியில் போய்விடுவாள். நான் தேங்காய் துருவும்போது மட்டும் எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வருமோ... பக்கத்தில் வந்து நின்றுவிடுவாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருவில் ஒரு வெற்றி ஊர்வலம். யார் ஜெயித்தார்கள் என்று கேட்காதீர்கள். தோற்றது பப்படம்தான். வாசலிலேயே சரவெடி! கட்டிலுக்கடியில் போனவள் மறுநாள் முழுக்க வெளியே வரவில்லை. தட்டை உள்ளே தள்ளினால் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கினாள். என் கையில் ஊற்றிய தண்ணீரை மட்டும் நக்கினாள்.

சனிக்கிழமை கால்நடை டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். மலையாளத்துப் பெண். எங்களுக்காகக் கொஞ்சம் தமிழ் கலந்து பேசுவார்.

“உடம்புக்கு ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. நல்லா பேடிச்சுப் போயி, பயம்தான், அத்ரயேயுள்ளு. நாளைக்கு சத்தம் இல்லாத எங்கயாச்சும் கொண்டு போங்க. நீங்களும் சத்தம் போட வேண்டா, கேட்டோ. திங்கட்கிழமையும் சாப்பிடலைன்னா அட்மிட் பண்ணி ட்ரிப் ஏத்தணும்.”

அட்மிட்டா? இவளையா? கூண்டுக்குள் போட்டு, சுற்றிலும் பத்து நாய் குரைத்தால் என்ன ஆவாள்?

சங்கரன் உடனே சட்டையை மாட்டிக்கொண்டு சாலைக் கடைத்தெருவுக்குப் போனார். பதினோரு தேங்காயோடு திரும்பினார். பப்படம் சாப்பிட்டுவிட்டால் பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைப்பதாக வேண்டுதல்! நாகர்கோவிலிலிருந்து மலையாளத்துக்கு வந்து, முப்பது வருஷமாக அந்தக் கோயிலுக்குப் பக்கத்திலேயே கிழக்கேகோட்டையில் இருக்கிற மனுஷன். பரீட்சை, இன்டர்வியூ, புது கார், பழைய கார்... எதுவானாலும் பழவங்காடியில் ஒரு தேங்காய் உடைத்தாக வேண்டும்.

ஞாயிறு காலை பப்படத்தைப் போர்வையோடு சுருட்டி மடியில் வைத்துக்கொண்டேன். பதினோரு தேங்காயும் டிக்கியில் ஏறின. “திரும்பி வரும்போது அப்படியே உடைச்சிட்டு வந்திரலாம்” என்றார். என்ன ஒரு நம்பிக்கை!

புறப்பட்ட கார் பழவங்காடியில் நின்றது.

“வேண்டுதல் தேங்கா வேற. நல்ல காரியத்துக்குப் போறோம்லா? வழிக்கு இங்க ஒண்ணு வாங்கி உடைச்சிட்டு வாறேன். ரெண்டு மினிட்டு.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஆமா, சும்மா தாண்டிப் போகக்கூடாது” என்றேன்.

படார்!

அவர் உடைத்தது ஒன்றுதான். பக்கத்தில் ஒரு குடும்பம், பெண்ணுக்கு விசா கிடைத்த சந்தோஷத்தில் நூற்றியொன்று உடைத்துக்கொண்டிருந்தது. ஏற்றிய கண்ணாடி எதைத் தடுக்கும்? பப்படம் என் மடியிலிருந்து பாய்ந்து முன்சீட்டுக்கு அடியில் புகுந்துகொண்டாள். போர்வை மட்டும் என் கையில் இருந்தது.

சந்தனத்தோடு திரும்பிய சங்கரன் என் முகத்தைப் பார்த்தார். குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தார்.

“எட்டி... நமக்கு ஏன் இது தோணல?”

தோன்றவே இல்லையே! முப்பது வருஷமாக அந்தப் ‘படார்’ எங்கள் காதில் சத்தமாக விழுந்ததே இல்லை. நல்ல சகுனமாகத்தான் விழுந்திருக்கிறது.

வழியெல்லாம் “ஒண்ணுமில்ல மோளே, பயப்படாத!” என்று சங்கரன் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு ‘பயப்படாத’வுக்கும் சீட்டுக்கு அடியில் ஒரு நடுக்கம். நாம் எல்லோருமே இப்படித்தானே? பயந்து கிடப்பவர்களைத் தேற்றுகிறேன் என்று அவர்கள் காதில் போய்க் கத்துகிறோம்.

நெடுமங்காடு தாண்டியதும் அவர் கையைத் தொட்டு, வாயில் விரல் வைத்துக் காட்டினேன். அப்புறம் இரண்டு பேரும் பேசவே இல்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் அது ஒரு ரெக்கார்டு.

விதுரா தாண்டி, கல்லாற்றங்கரையில் ஒரு மர நிழலில் காரை நிறுத்தினோம். பப்படத்தின் கயிற்றை நீளமாக விட்டு, கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பாறையில் போய் உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம்... ஆற்றுச் சத்தம் மட்டும்தான். கடைசியில் கதவோரம் ஒரு மூக்கு தெரிந்தது. தயிர்சாதத்தைக் காட்டினேன். மூக்கு உள்ளே போய்விட்டது.

சங்கரன் எழுந்து போய் டிக்கியிலிருந்து ஒரு தேங்காயை எடுத்தார்.

“ஏங்க, வேண்டாம்!” என்று கிசுகிசுத்தேன்.

தேங்காயைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஒரு சின்னக் கல்லால் தட்டினார். டொக். தலையைத் தூக்கிக் காரைப் பார்த்தார். காத்திருந்தார். கொஞ்சம் திருப்பி, மறுபடி ஒரு டொக். பழவங்காடியில் கையை ஓங்கி எறிகிற மனுஷன், ஒரே ஒரு தேங்காயை உடைக்கப் பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டார்! வேட்டியெல்லாம் தேங்காய்த் தண்ணீர். கார் சாவியால் ஒரு கீற்றை நெம்பி எடுத்துப் பாறையில் வைத்துவிட்டு, முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பப்படம் இறங்கினாள். வயிறு தரையில் உரச, ஒவ்வொரு அடியாக வந்தாள். முகர்ந்தாள். நக்கினாள். கறுக் என்று கடித்தாள். இன்னொரு கீற்று. அப்புறம் தயிர்சாதம் மொத்தமும்! எனக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டர் சொல்லியிருக்கிறாரே... சத்தம் போடாமல் அழுதேன்.

திரும்பும்போது பப்படம் என் மடியில் நல்ல தூக்கம். இந்த முறை சங்கரன் காரைக் கோயிலிலிருந்து ரொம்பத் தள்ளி நிறுத்திவிட்டு, தேங்காய்ப் பையோடு நடந்து போனார். நான் பப்படத்தின் காதுகளைப் பொத்திக்கொண்டு காத்திருந்தேன். இரண்டே நிமிஷத்தில் வெறுங்கையோடு வந்துவிட்டார்.

“என்னங்க, அதுக்குள்ள உடைச்சாச்சா?”

“பத்தையும் அவரு முன்னால வச்சிட்டேன். ‘ஒண்ண அவளே தின்னுட்டா. மிச்சத்த நீரே மெதுவா உடைச்சுக்கிடும்’னு சொல்லிட்டு வந்துட்டேன்.”