உருகுவே என்றான் என் மகன்

போன வருடம் தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. டெக்சாஸில் நாங்கள் இருக்கும் ஃபிரிஸ்கோவில், ஒரு பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தை வாடகைக்கு எடுத்து எங்கள் தமிழ்க் குழு பிள்ளைகளுக்கு வினாடி வினா நடத்தியது. ஜெயிக்கிற பிள்ளை ஹூஸ்டனில் நடக்கும் மாநிலப் போட்டிக்குப் போகலாம்.

எங்கள் குழுவில் ஒரு கேவலமான வழக்கம் உண்டு. கேள்வி தயாரிப்பதும் பெற்றோர், போட்டியில் உட்காருவதும் அவர்கள் பெற்ற பிள்ளைகள். "என் பையனும் இருக்கானே சார்" என்று நான் இழுத்தபோது, "எல்லார் பிள்ளையும்தான் இருக்கு. நம்ம மேல நமக்கே நம்பிக்கை இல்லையா?" என்றார் செயலாளர். நானும் தலையாட்டினேன்.

கடைசிச் சுற்று முழுக்கக் குழப்புகிற ஜோடிப் பெயர்கள். ரசாயனத்தில் தாலியம், தூலியம். பழைய வரலாற்றில் சுமேரியா, சமாரியா. இலக்கியத்தை ஒரு டாக்டரம்மா எடுத்துக்கொண்டார். புவியியல் என் தலையில் விழுந்தது.

கடைசிக் கேள்விக்கு வரும்போது இரண்டு பேர் சமமாக நின்றார்கள். ஒருவன் என் மகன். இன்னொருத்தி பக்கத்து ஊரான இர்விங்கிலிருந்து வந்த பெண். அவர்கள் அமெரிக்கா வந்து ஆறு மாதம்தான். வீட்டில் இருந்த ஒரே காரை அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விட்டதால், அம்மாவும் பெண்ணும் யாரிடமோ கேட்டு அவர்கள் காரில் தொற்றிக்கொண்டு வந்திருந்தார்கள்.

கேள்வி நான் எழுதியது. பராகுவே, உருகுவே: இந்த இரண்டில் கடலே இல்லாத நாடு எது? இரண்டு பேரும் விடையைத் தாளில் எழுதிவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டும்.

"பராகுவே" என்றாள் அந்தப் பெண்.

கேள்வி கேட்டவர் நான் எழுதிக் கொடுத்த விடை அட்டையைப் பார்த்தார். தப்பு என்று சொல்லிவிட்டு என் மகனிடம் திரும்பினார். அவன் தாளைத் தூக்கிக் காட்டி, கண் இமைக்காமல் "உருகுவே" என்றான். கூடமே கைதட்டியது. அதிகமாகத் தட்டியவன் நான்தான்.

அந்தப் பெண் உட்காரவில்லை. "இல்ல அங்கிள். உருகுவேக்குக் கடல் இருக்கு. பராகுவேக்குத்தான் இல்ல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குச் சுர்ரென்றது. "கார்டுல இருக்கறதுதாம்மா ஃபைனல். உக்காரு" என்றேன். உட்கார்ந்துவிட்டாள். அவள் அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

வீட்டுக்கு வந்த பிறகும் மனசு உறுத்தியது. மகன் அறைச் சுவரில் உலக வரைபடம் மாட்டியிருக்கிறோம். போய்ப் பார்த்தேன். பராகுவேயைச் சுற்றி நாலு பக்கமும் நிலம். உருகுவே கடலோரமாக உட்கார்ந்திருக்கிறது. விடையைத் தவறுதலாக மாற்றி எழுதியவன் நான்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வரைபடத்தின் முன்னாலேயே இன்னொன்று உறைத்தது. நாலு வருடமாக இதைப் பார்த்துக்கொண்டே தூங்குகிறவன் அவன். என் அட்டையில் இருந்த அதே தப்பை எப்படி அத்தனை சரியாகச் சொன்னான்?

கூப்பிட்டுக் கேட்டேன். அழுதுகொண்டே ஆங்கிலத்தில் சொன்னான். பராகுவே என்று அவனுக்குத் தெரியுமாம். ஆனால் சாப்பாட்டு மேஜையில் நான் திறந்து வைத்துவிட்டுப் போன லேப்டாப்பில் உருகுவே என்று இருந்ததாம். அட்டையில் உள்ளதைச் சொன்னால்தானே ஜெயிக்க முடியும் என்றான்.

செயலாளருக்கு போன் செய்தேன்.

"விடுங்க சார், சின்னப் பசங்க விஷயம். போட்டோ எல்லாம் போட்டாச்சு."

"அந்தப் பொண்ணும் சின்னப் பொண்ணுதானே சார்?"

"அவங்க ஒண்ணும் கம்ப்ளெயின்ட் பண்ணலியே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதிதாக வந்தவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள் என்கிற தைரியம்! அதே தைரியத்தில்தான் மத்தியானம் நானும் அவளை உட்காரச் சொன்னேன் என்பது அப்புறம்தான் புரிந்தது. எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினேன்: அட்டை தப்பு, என் மகன் அதை முன்பே பார்த்திருக்கிறான், பரிசு அந்தப் பெண்ணுடையது. ஒரு மணி நேரம் கழித்து ஒருவர் தீபாவளி பிரியாணிக்கு எத்தனை தட்டு என்று கேட்டார். ஆனால் ஊருக்கே தெரிந்துவிட்டதால் செயலாளர் வேறு வழியில்லாமல் ஹூஸ்டன் போட்டிக்குப் பெயரை மாற்றி அனுப்பினார்.

மறுநாள் மகனைக் கூட்டிக்கொண்டு, அவன் வாங்கி வந்த பரிசுக் கோப்பையோடு இர்விங்குக்குப் போனேன். கதவைத் திறந்தது அந்தப் பெண்தான். என் மகன் ஸாரி சொன்னான். அவள் அவனிடம் தலையாட்டினாள், கோப்பையை வாங்கிக்கொண்டாள், பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எல்லார் முன்னாடியும் என்னை உக்காருன்னு சொன்னீங்களே அங்கிள், அதுக்கு?"

உள்ளேயிருந்து வந்த அவள் அம்மா, "ஏய், என்ன பேச்சு இது" என்று அதட்டினார். "அதட்டாதீங்க, அவ கேட்டது கரெக்ட்" என்று சொல்லி, அந்தக் குழந்தையிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அதன் பிறகு நான் கேள்வி தயாரிப்பதில்லை. ஆனால் எந்தப் பிள்ளையாவது எழுந்து நின்று "அது தப்பு அங்கிள்" என்று சொன்னால், இப்போதெல்லாம் உட்கார்ந்து கேட்கிறவன் நான்தான்.