காலை நீட்டித் தூங்கிய டிரைவர்

பூந்தமல்லி பைபாஸ் ஓரம் நிற்கும் லாரி. காலை வெளியே நீட்டித் தூங்கும் டிரைவர். மேலே எழுத்தில், "காலையிலேயே ஃபுல் மப்பு!" அந்த வீடியோவை இன்று நீங்களும் பார்த்திருப்பீர்கள். என் நண்பர்களே, உங்களில் சிலரும் சிரித்திருக்கிறீர்கள்.

அது என் கணவர்.

வெயிலுக்குக் கண்ணாடியில் கட்டியிருக்கும் வாத்துப் படத் துணி, என் மகளின் படுக்கை விரிப்பு. அதை வைத்துத்தான் அடையாளம் கண்டேன்.

ஓசூரிலிருந்து இரவெல்லாம் ஓட்டி வந்தவர். காலை நெரிசல் முடியும்வரை லாரியை ஊருக்குள் விடமாட்டார்கள். அதனால் ஓரங்கட்டித் தூங்கியிருக்கிறார். குடித்து மட்டையானவன் சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டா தூங்குவான்? அந்தக் கட்டையும் வீடியோவில் தெரிகிறது. யார் பார்த்தார்கள்?

மதியம் லாரி ஓனர் எனக்கே போன் செய்தார்.

"இன்னாம்மா, உன் ஊட்டுக்காரன் மானத்த வாங்கிட்டானே! லோடு குடுக்கறவன்லாம் கேக்கறான். இன்னிக்குள்ள அத்த எடுக்க சொல்லு. இல்லாங்காட்டி வேற ஆள் போட்டுக்கறேன்."

வீடியோ போட்டவருக்கு எழுதினேன். "அண்ணா, அவர் குடிக்கவே மாட்டார். வேலை போயிடும். தயவுசெஞ்சு எடுத்துடுங்க."

பதில் வந்தது. "சாரி சிஸ்டர், தெரியாம போட்டுட்டேன். ஆனா சூப்பரா போய்கினு கீது. நாளைக்கு எடுத்துடறேன்."

நாளைக்காம்!

அவர் இப்போது வீட்டிலும் தூங்குகிறார், காலை நீட்டிக்கொண்டுதான். வீடியோ எடுக்க விரும்புவோர் அயனம்பாக்கம் வரலாம். சத்தம் மட்டும் போடாதீர்கள், பக்கத்தில் குழந்தை தூங்குகிறாள்.

சிரித்தவர்கள் இதையும் பகிர்வீர்களா, இல்லை இதில் சிரிக்க ஒன்றும் இல்லையா?