ஈரல் கடையும் அம்மாவின் சத்தியமும்

தாதியர் பயிற்சிக்காகக் கண்டிக்கு வந்த முதல் வாரத்திலேயே மயங்கி விழுந்தேன். ஒரு நோயாளியின் கையிலிருந்து சேலைன் ஊசியைக் கழற்றினார்கள். ரத்தம் வழிந்து வெள்ளை விரிப்பில் பரவியது. கண் விழித்தபோது நான் தரையில் கிடந்தேன். அந்த நோயாளி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து எனக்கு விசிறிக்கொண்டிருந்தார். காலையில் சாப்பிடாமல் வந்திருப்பாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

உண்மையை அம்மாவிடம் மட்டும் போனில் சொன்னேன். அம்மா கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். மழைக்காலத்தில் அட்டை கடித்து, கால்களில் ரத்தம் ஒழுக வீட்டுக்கு வருவாள். சின்ன வயதில் அதைப் பார்த்து நான் வாசலிலேயே சரிந்திருக்கிறேன். அதனால் அவளுக்கு இது புதுச் செய்தி இல்லை.

“யாருக்கிட்டயும் சொல்லிறாதம்மா. தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிருவாங்க.”

“நான் ஏன் புள்ள சொல்லப் போறேன்? முருகன் மேல சத்தியம்.”

அந்தச் சத்தியத்தை நம்பித்தான் பயத்தோடு மல்லுக்கட்டத் தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி மடவளைக்குப் போய் ஒரு மாட்டிறைச்சிக் கடை முன்னால் நிற்பேன். எங்கள் வீட்டு வாசலை மாட்டிறைச்சி தாண்டியதே இல்லை. தலை சுற்றும்போது கால்விரல்களைச் செருப்புக்குள் மடக்கி, தொடையை இறுக்கி, பிறகு தளர்த்தினால் சுற்றல் நிற்கிறது என்று அங்கேதான் கண்டுபிடித்தேன். கடைக்கார நானாவுக்கு (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) என்னைப் பார்த்து ஒரே சிரிப்பு.

“என்ன தங்கச்சி, கடையவே வெலைக்கு வாங்கப் போறீங்களா? இப்பிடிப் பாக்குறீங்க!”

வெட்கத்தில் கொஞ்சம் ஈரல் வாங்கிக்கொள்வேன். என் புண்ணியத்தில் விடுதி வாசல் நாய் நன்றாகக் கொழுத்தது.

வார்டில் முதலில் மருந்துத் தட்டைப் பார்த்துப் பழகினேன், அப்புறம் கையுறையை, அப்புறம்தான் காயத்தை. ஒருநாள் மண்டை உடைந்து வந்த பெண்ணுக்கு ரத்தம் கொட்டக் கொட்ட, துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் பயிற்சிக்குப் பொறுப்பான மிஸ் அதைப் பார்த்துவிட்டு, என்னை ஒப்பரேஷன் தியேட்டர் பயிற்சிக்குப் போடுவதாகச் சொன்னார். அது எல்லோருக்கும் கிடைக்காது. கால் தரையில் பாவவில்லை எனக்கு. அன்றே அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

“அங்க வயித்தக் கிழிப்பாங்களாமே?” என்றாள்.

“நான் இப்பல்லாம் விழுறதில்லம்மா.”

“சரி புள்ள.”

அந்தச் ‘சரி’யையும் நம்பினேன், மடச்சி.

தியேட்டருக்குப் போகிறவர்களின் பெயர்களைப் போட்டபோது என் பெயர் இல்லை. குழந்தைகளுக்கு நிறை பார்க்கும் கிளினிக்கில் போட்டிருந்தார்கள். காரணம் கேட்க மிஸ்ஸின் அறைக்குப் போனேன். மேசையில், பழைய பாவாடைத் துணியில் அம்மா தைத்த பை இருந்தது. அதற்குள் எங்கள் வீட்டுப் பின்பக்கத்து மரத்து பட்டர் புரூட். மிஸ் வாய் திறப்பதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

மிஸ் சிங்களவர், எனக்காகத் தமிழில் பேசினார். “ஒங்க அம்மா வந்தது. ரொம்ப அழுதது. ரத்தம் பார்த்தா நீங்க விழும் என்டு சொன்னது. நல்ல அம்மா.”

இப்போதே என்னைச் சோதித்துப் பாருங்கள் என்று கெஞ்சினேன். தியேட்டரில் நான் விழுந்தால் ஆபத்து நோயாளிக்குத்தான் என்றார். பழத்துக்கு நன்றி சொல்லச் சொல்லி என்னை அனுப்பிவைத்தார்.

வேறு யாராவது போட்டுக்கொடுத்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். இவள் வேலையை விட்டுவிட்டு, இருக்கிறதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, பஸ் ஏறி வந்து காட்டிக்கொடுத்திருக்கிறாள். நான் இருந்த கட்டடத்துக்கே வந்தும் என் முகத்தில் விழிக்காமல் திரும்பிப் போயிருக்கிறாள். அதுதான் இன்னும் ஆறவில்லை.

“ஒன் நல்லதுக்குத்தான் புள்ள,” என்றாள் போனில்.

“அப்ப நீ பண்ணின சத்தியம்?”

“முருகன் மன்னிச்சுக்குவாரு.”

“நான் மன்னிக்க மாட்டேன்,” என்று போனை வைத்தேன்.

தீபாவளிக்குத்தான் அடுத்து வீட்டுக்குப் போனேன். அம்மா ஒரு கையால் தேத்தண்ணீர் கொடுத்தாள். மற்றக் கை முந்தானைக்குள் இருந்தது. பிடித்து இழுத்தேன். அன்று காலை விறகு வெட்டும்போது உள்ளங்கையில் கத்தி இறங்கியிருக்கிறது. சுற்றியிருந்த துணி ஊறிப் போயிருந்தது.

“நீ பாக்காத. அங்கிட்டுத் திரும்பிக்க,” என்று பதறினாள்.

துணியை அவிழ்த்தேன். ரத்தம் பொங்கி வந்தது. சுத்தமான துணியை வைத்து, நிற்கும்வரை அழுத்திப் பிடித்து, கழுவிக் கட்டினேன். கால்விரல்களை மடக்கக்கூடத் தேவைப்படவில்லை. அதை அவள் பார்க்க வேண்டும் என்று ஆத்திரமாக வந்தது.

“இங்க பாரும்மா,” என்றேன்.

அவள் காயத்தைப் பார்க்கவே இல்லை. நான் விழுந்துவிடாமல், மற்றக் கையால் என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.