சித்திக்கு நான் எழுதிய இரண்டு வரி

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் நாலு இருபதுக்குத்தான் எல்லாம் பிழையாய்ப் போகத் தொடங்கியது. நேரம் எனக்கு நிச்சயமாகத் தெரியும். மருந்துக்கடைக்குள் இருந்த தபால் கவுண்டர் ஐந்து மணிக்குப் பூட்டிவிடும். அப்பா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றார்.

“நாலு இருபதாச்சு. கெதியா எழுது பிள்ளை. சோதினையே எழுதுறாய்?”

ஊருக்குப் போகும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் எனக்குக் கொஞ்சம் இடம் விடுவார்கள். வெளிநாட்டில், மல்வேர்னில் பத்தாம் மாடியில் வளர்கிற பிள்ளைக்கும் தமிழ் எழுத வரும் என்று காட்டுவதற்கான இடம் அது. ‘நான் நல்ல சுகம், உங்கள் சுகம் எப்படி’ என்பதற்கு மேல் நான் எழுதியதில்லை. எட்டு வயது. அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சொல்வதற்கு ஒரு விஷயம் கையில் இருந்தது.

கடிதம் சித்திக்கு. சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவர் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது சித்தி பிள்ளைத்தாச்சி. பிறந்த மகளை அவர் இன்னும் கண்ணால் காணவில்லை. உங்கட படம் ஒண்டாவது அனுப்புங்கோ என்று சித்தி ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பார். “கொஞ்சம் உடம்பு தேறட்டும்” என்று சித்தப்பா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

ஆனால் அவரிடம் ஒரு படம் இருந்தது. அது எனக்கு மட்டும் தெரியும். உணவகத்தில் வேலை இல்லாத நாள்களில், அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போனபின், சோபாவுக்கடியில் வைத்திருந்த பையிலிருந்து அதை எடுத்துக் காட்டிக் கதை சொல்வார். பினாங்கில் ஓர் அறையில் ஏழு பேரோடு ஒன்பது மாதம் அடைபட்டுக் கிடந்தவரை, களவாய் ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் ஒருநாள் தலைமயிர் வெட்டி, பூப்போட்ட சேட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்டு, கழுத்தில் ஒரு கமராவைத் தொங்கவிட்டு, வேறு யாரோ ஒருவரின் பாஸ்போர்ட்டில் உல்லாசக் கப்பலில் ஏற்றிவிட்டானாம். வெள்ளைக்காரக் கூட்டத்தோடு சிங்கப்பூரில் இறங்கினால் ஒருவரும் துருவிக் கேட்கமாட்டார்கள். பகல் முழுக்க அவர்களோடு பஸ்ஸில் ஊர் பார்க்கவேண்டும். பின்னேரம் அவர்கள் கப்பலுக்குத் திரும்பும்போது இவர் மெல்ல நழுவி விமான நிலையத்துக்குப் போகவேண்டும்.

“அண்டைக்கு ஒரு நாள் நான் துரை, தெரியுமோ?” என்பார். “பறவைப் பூங்காவில ஒரு சின்னப்பெடியன்ர பலூன் வெடிச்சுது. நான் அப்பிடியே நிலத்தில விழுந்து படுத்திட்டன். ஒரு கிழவி எனக்கு மயக்கமாக்கும் எண்டு ஓடிப்போய் ஐஸ்கிறீம் வாங்கித் தந்தா.”

நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அந்தப் படத்தை எடுத்ததும் அந்தக் கிழவிதான். ஐஸ்கிறீமும் கையுமாக, முப்பத்திரண்டு பல்லும் தெரிய, சித்தப்பா நின்றார். சிரிக்காதவனைத்தான் விமான நிலையத்தில் பிடிப்பார்கள் என்று ஏஜென்சிக்காரன் சொல்லியிருந்தானாம்.

கதையின் கடைசியில் ஒரு கோயில் வரும். வழிகாட்டி எல்லோரையும் உள்ளே கூட்டிக்கொண்டு போனான். “பாஸ்போர்ட்டில எனக்குக் கிறிஸ்தவப் பேர். அம்மன் முன்னால நிக்கிறா, நான் கையெடுக்காமல் படமெடுத்துக்கொண்டு நிண்டன்.” அதோடு எழும்பிக் குசினிக்குப் போய் வெகுநேரம் தண்ணீர் குடிப்பார். அவருக்குத் தாகம் என்று நான் நினைத்தேன்.

அன்றைக்குச் சித்தப்பா வேலையில் இருந்தார். நான் பையிலிருந்து படத்தை எடுத்துக் கடித உறைக்குள் வைத்தேன். அடியில் எழுதினேன்: ‘சித்தப்பா கப்பலில் போய் சிங்கப்பூரைச் சுற்றிப் பார்த்தார். அங்கே அவர் மிகவும் சந்தோஷமாக இருந்தார்.’ ‘மிகவும்’ அந்தக் கிழமைதான் தமிழ் வகுப்பில் படித்த சொல். உறையை நாக்கால் நனைத்து ஒட்டிக் கொடுத்தேன். அப்பா வாங்கிக்கொண்டு ஓடினார்.

பதில் வர மூன்று மாதம் பிடித்தது. வழக்கம்போல அப்பா எல்லோருக்கும் கேட்க வாசித்தார்.

‘படம் கிடைத்தது. மூலையில் திகதி இருக்கிறது. அன்றைக்குத்தான் சண்டையில் ஊரே இடம்பெயர, நான் நாலு மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, வீட்டை விட்டுவிட்டு, இரவும் பகலும் மழையில் நடந்தேன். நீங்கள் சந்தோஷமாக இருந்ததை அறிந்து சந்தோஷம்.’

மூலையில் இருந்த செம்மஞ்சள் எண்களை நானும் பார்த்திருந்தேன். படத்தின் விலை என்று நினைத்திருந்தேன்.

“இந்தப் படத்தை ஆரடா உன்னை அனுப்பச் சொன்னது? விசரே உனக்கு?” என்று அப்பா சித்தப்பாவைப் பார்த்துக் கத்தினார்.

சித்தப்பா கடிதத்தை வாங்கித் தானும் ஒருமுறை வாசித்தார். நான் குளிர்ப்பெட்டிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

“நான்தான் வச்சனான், அண்ணை.”

அதற்குப் பிறகு சித்தியிடமிருந்து கடிதம் வரவில்லை. சித்தியையும் பிள்ளையையும் இங்கே கூப்பிடுவதற்கான ஸ்பொன்சர் பத்திரங்கள் அவரிடம் போய்க் கையெழுத்தில்லாமல் கிடந்தன. சித்தப்பா எழுதிய விளக்கங்களுக்கும் பதில் இல்லை. பலூன் வெடித்ததையும், கோயிலில் கை கூப்பாமல் நின்றதையும் அவர் எழுதினாரோ என்னவோ, எழுதினாலும் அது குற்றவாளியின் வாக்குமூலம்தானே. நான் எழுதியிருந்தால் சித்தி நம்பியிருப்பார். அவ்வளவையும் கேட்டுவிட்டு, ஐஸ்கிறீமை மட்டும் நான் எழுதினேன். பிறகும் அடியில் எனக்கு இடம் விட்டார்கள். ‘நான் நல்ல சுகம்’ என்றே எழுதிக்கொண்டிருந்தேன்.

போன கிழமை என் மகள் என் கைபேசியிலிருந்து ஒரு படத்தைக் குடும்பத்து வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டாள். ஒரு பிறந்தநாள் கேக், நாலு பேர் சிரிக்கிறார்கள், வேறொன்றுமில்லை. நான் போட்ட சத்தத்தில் அவள் அழுதாள். “இட்ஸ் ஜஸ்ட் எ பிக்சர், அம்மா.” ஏன் கத்தினேன் என்று அவளுக்கு எங்கிருந்து சொல்லத் தொடங்குவது?

அந்தக் கடிதம் வந்து மூன்றாம் வருடம், பத்திரங்களில் சித்தியின் கையெழுத்து வந்தது. பிள்ளையின் படிப்புக்காக என்று அம்மா சொன்னார். மாசி மாதத்துக் குளிரில் எல்லோரும் விமான நிலையத்துக்குப் போனோம். சித்தப்பா ஒரு சின்ன ரோஸ் நிற ஜக்கெற்றைக் கையில் வைத்துக்கொண்டு, கதவு திறக்கும்போதெல்லாம் ஓரடி முன்னால் போய்த் திரும்பி வந்தார்.

கடைசியில் சித்தி வந்தார். ஒரு பெட்டிதான். அவர் சட்டையைப் பிடித்தபடி ஒரு பெண்பிள்ளை. சித்தப்பா அந்த வெறுந்தரையில் முழங்காலில் நின்று ஜக்கெற்றை விரித்துப் பிடித்தார். பிள்ளை தாயின் பின்னால் ஒளிந்தது. சித்தி குனிந்து, கோபமே இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டுவதுபோலச் சொன்னார்:

“பயப்பிடாதை அம்மா. அங்கிளுக்கு வணக்கம் சொல்லு.”

சித்தி பகிடி விடுகிறார் என்று நினைத்து நான்தான் பெரிதாகச் சிரித்தேன்.