ஷார்ஜாவில் தெரிந்த என் சர்க்கரை

முப்பத்தெட்டு வயதில் எனக்குச் சர்க்கரை வந்தது. ஒரு வருடம் மாத்திரை போட்டும் இறங்கவில்லை. பிறகு எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான், இன்சுலின் சுரக்கும் இடத்தை என் உடம்பே எதிரியாக நினைத்து அழித்துவருவது தெரிந்தது. அன்றிலிருந்து தினமும் நான்கு ஊசி. ஊசி கொஞ்சம் கூடிப்போனால் ராத்திரியில் சர்க்கரை சரசரவென்று விழும்.

சர்க்கரையை அளக்கக் கையில் ஒட்டிய சென்சார் அப்போது என் போனில் அலறும். இடி விழுந்தாலும் எழாத ஜென்மம் நான். செக்காலை வீட்டில் நானும் மாமியாரும்தான். அதனால் ஷார்ஜாவில் வேலை பார்க்கும் என் கணவரின் போனிலும் அந்தச் சர்க்கரை எண் தெரியும்படி வைத்தோம். விழுந்தால் அவர் என்னைக் கூப்பிடுவார். நான் எடுக்காவிட்டால் அடுத்த அறையில் படுத்திருக்கும் அத்தையைக் கூப்பிடுவார். அத்தை வந்து, "ஏத்தா, எந்திரி" என்று உலுக்குவார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மனுஷன் பகலிலும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தார். தேவகோட்டையில் ஒரு கல்யாணத்தில் பால்பணியாரம் சாப்பிட்டேன். தாம்பூலம் வாங்கிக் கிளம்புவதற்குள் போன். பதறி எடுத்ததில் ஸ்பீக்கர் வேறு போட்டுத் தொலைத்தேன்.

"இருநூத்தி அறுபது காட்டுது. என்னத்தத் தின்ன?"

சுற்றி நின்ற சொந்தமெல்லாம் சிரித்தது. வந்த ஆத்திரத்தில் அங்கேயே அவருக்கு எண் போவதை நிறுத்தினேன். என் ரத்தம், என் பணியாரம். கேட்க இவர் யார்?

மூன்றாம் நாள் ராத்திரி விழித்தபோது நைட்டி தொப்பலாக நனைந்திருந்தது. போன் எவ்வளவு நேரமாக அலறியதோ. சர்க்கரை ஐம்பத்தொன்று. சுவரைப் பிடித்துப் பிடித்துச் சமையலறைக்குப் போனேன். ஜூஸ் டப்பாவில் ஸ்ட்ராவைக் குத்த முடியவில்லை. பல்லால் கிழித்துக் குடித்தேன், பாதி கழுத்தில் வழிந்தது. ஏறக் கால் மணி நேரம் ஆகும். உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. யாரும் கூப்பிடவில்லை. விழிக்காமலே போயிருந்தால் என்ற நினைப்பு வந்ததும் பயந்துபோனேன். வெட்கத்தை விட்டு நானே அவரைக் கூப்பிட்டேன்.

முதல் மணியிலேயே எடுத்தார். "எவ்வளவு?"

"ஐம்பத்தொன்னு. ஜூஸ் குடிச்சுட்டேன். இந்நேரம் தூங்காம என்ன பண்றீக?"

"இந்த ரூம்ல எட்டுப் பேரு. உன் அலாரத்துக்காகச் சத்தத்தக் கூட்டி வச்சுத்தான் படுப்பேன். அடிக்கும்போதெல்லாம் அம்புட்டுப் பேரும் எந்திரிச்சுத் திட்டுவானுக. மூணு நாளாச் சத்தமே இல்ல. என்னத் தவிர எல்லாரும் நல்லாத் தூங்குறானுக."