ஒற்றைக் கையால் திறக்கும் கத்தி

என் கணவரிடம் நான் ஒரு பொய் சொன்னேன். அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே கையை அந்தப் பொய்யால் கட்டிப்போட்டேன். தெரிந்துகொண்டே செய்தேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லலாம் என்று வைத்தால், என்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசி உங்களையும் என் பக்கம் சாய்த்துவிடுவேன். அது எனக்குச் சுலபம். லண்டன் கிங்ஸ்பரியில் என்னைத் தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்... கணவரை எங்கட மலர் பார்க்கிற மாதிரி யார் பார்ப்பார்கள் என்பார்கள். கோவிலில் என்னைக் காட்டி மற்றப் பெண்களுக்குப் புத்தி சொல்கிறார்கள்!

அவர் பெயர் தவராசா. கடைகளின் குளிர்ப்பெட்டிகளைத் திருத்துவது அவருடைய தொழில். முப்பது வருடம் லண்டனின் எல்லா மூலைகளுக்கும் வான் வண்டி ஓட்டிப் போனவர். கெட்ட மனிதர் அல்ல. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். ஆனால் வீட்டில் பேச மாட்டார். "சாப்பாடு கிடக்கோ?", "நாளைக்கு வெள்ளெனப் போறன்", "கதவைப் பூட்டும்"... எங்கள் மணவாழ்க்கையில் பெரும்பகுதி இந்த மூன்று வசனங்களுக்குள் அடங்கிவிட்டது.

அவருடைய சட்டைப் பையில் மரப்பிடி போட்ட சிறிய மடக்குக் கத்தி ஒன்று எப்போதும் இருக்கும். வயர் சீவுவதும் அதனால்தான், பெட்டி கிழிப்பதும் அதனால்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பின்கதவுப் படியில் இருந்துகொண்டு அதால் ஓர் அப்பிளைத் தோல் அறாமல் சீவுவார். தோல் சுருள் சுருளாக இறங்கி அவர் முழங்காலில் படியும். எனக்கு ஒரு துண்டு நீட்டியதில்லை. எனக்கும் வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றியதில்லை, அவ்வளவுதான்.

பிறகு பாரிசவாதம் வந்தது. இடப்பக்கம் விழுந்துபோனது. கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. கை வரவில்லை. எழுத்துகள் கண்ணுக்கு முன்னால் நீந்துகின்றன என்றார். அதனால் கடிதங்களையெல்லாம் நான் வாசித்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு பூங்கா இருக்கிறது. அவருடைய நடைக்கு இருபத்தைந்து நிமிடம். பின்னேரம் நாலு மணிக்கு அங்கே போய், குளத்தைப் பார்த்த வாங்கில், அந்த நீள மர இருக்கையில், உட்கார்ந்திருப்போம். முதல் நாளே சட்டைப் பையிலிருந்து கத்தியை எடுத்தார். வலது கையால் பிடியைப் பற்றினார். அலகை இழுக்க மற்றக் கை இல்லை! சற்று நேரம் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அலகைப் பல்லால் கடித்து இழுத்தார். உதடு வெட்டுப்பட்டு இரத்தம் நாடியில் வழிந்தது.

நான் கத்தியை வாங்கிக்கொண்டேன். அப்பிளை நானே வெட்டினேன். ஒரு துண்டை அவர் கையில் வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார்...

எப்படிச் சொல்வது உங்களுக்கு? அந்தப் பார்வை அதுவரை எனக்குக் கிடைத்ததில்லை.

அதற்குப் பின் வந்த பின்னேரங்களை நினைத்தால், நான் விழித்துத்தான் இருந்தேனா என்று ஐயமாக இருக்கிறது. குளத்தின் மேல் வெள்ளையாக ஒரு மூட்டம். வாத்துகள் அதற்குள் நுழைந்து காணாமற்போகும், பிறகு வேறோர் இடத்தில் வெளிப்படும். அப்பிள் துண்டை நான் மெல்லியதாக அரிவேன். வெயிலுக்கு நேரே பிடித்தால் அதன் ஊடாக ஒளி தெரியும். அவர் வாங்கிக்கொள்வார். மென்றுகொண்டே பேசுவார். ஆம், பேசினார்! பனிக்காலத்தில் வான் வண்டிக்குள் இருந்தபடி தனியாகச் சாப்பிட்ட மதியங்களைப் பற்றி. ஒரு மீன்கடைக் குளிரறைக்குள் தவறிப் பூட்டுப்பட்டு, என் பெயரைச் சொல்லிக் கத்தியதைப் பற்றி. என் பெயரை! முப்பது வருடமாக எனக்கு அது தெரியாது.

எனக்கு ஐம்பத்தேழு வயது. அந்த வாங்கில் நான் இருபது வயதுக்காரியாக மிதந்துகொண்டிருந்தேன்.

அவர் மிதக்கவில்லை. அவர் கத்தியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் போனை என்னிடம் நீட்டினார். யாரோ ஒருவன் கத்திகளைத் திறந்து திறந்து காட்டும் வீடியோ.

"இஞ்சரும், இதைப் பாரும். ஒரு கையாலயே திறக்கிறான். இது பட்டனை அமத்தினாச் சரி, தானாப் பாயும். மற்றது பெருவிரலால கொஞ்சம் தள்ளிவிட வேணும். மிச்சத்தை உள்ள இருக்கிற ஸ்பிரிங் பாத்துக்கொள்ளும்."

"விலை என்னவாம்?"

"சாதாரணக் கத்தியைப் போல நாலு மடங்கு வரும். ஆனா எனக்கு அது மற்றக் கை வாங்கின மாதிரித்தானே? பெறுமோ பெறாதோ, நீர் சொல்லும்."

அவரே தொடர்ந்தார். "எனக்கெண்டால் அந்தத் தள்ளுறதுதான் விருப்பம். பட்டன் எண்டால் எல்லாத்தையும் அது செய்திடும். இது நானும் கொஞ்சம் செய்த மாதிரி இருக்கும்."

அந்த வசனத்தை நான் அப்போதே விளங்கிக்கொண்டிருக்க வேண்டும். விளங்கியது. அதுதான் என் குற்றம்!

"நீர் வாசிச்சுச் சொல்லும் மலர். எனக்கு எழுத்துப் பிடிபடுதில்லை" என்றார்.

வாசித்தேன். பட்டனில் பாய்வதும் சரி, பாதி தள்ளினால் மீதி தானாகத் திறப்பதும் சரி, இந்த நாட்டில் தடை. வாங்கக்கூடாது, விற்கக்கூடாது, வீட்டில் வைத்திருக்கவும் கூடாது. இந்த அளவுக்கு நான் அவருக்குச் சொல்லப்போவது உண்மைதான்.

ஆனால் அவருக்கு அதைச் சொல்வதற்கு முன், விசாரித்துச் சொல்கிறேன் என்றுவிட்டு, வேறு வழி உண்டா என்று பார்க்க நல்லெண்ணத்தோடுதான் ஒரு கடைக்குப் போனேன். நம்புங்கள்... அல்லது நம்பாதீர்கள். ரெயிலில் போகும் தூரம். கூடாரங்களும் மழைச் சப்பாத்துகளும் விற்கும் பழைய கடை. அங்கே ஒரு வயதான வெள்ளைக்காரர், நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பழத்தை எப்படிப் பிடிப்பார் என்று கேட்டார். முழங்கால்களுக்கிடையில் இடுக்கிக்கொள்வார் என்றேன். தலையாட்டிவிட்டு, கண்ணாடி மேசைக்குள்ளிருந்து சின்னக் கத்தி ஒன்றை எடுத்தார்.

ஸ்பிரிங் பாய்ச்சல் இல்லை. திறந்த அலகை இறுக்கிப் பிடிக்கும் பூட்டும் இல்லை. அலகின் மேல்பகுதியில் வட்டமாக ஒரு துளை. அதில் பெருவிரலை வைத்துத் தள்ளினால் அலகு மெதுவாக வெளியே வருகிறது. இதற்குத் தடையில்லை, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தாராளமாகப் பூங்காவுக்குப் போகலாம் என்றார். உங்கள் கணவரே தன் கையால் திறப்பார் என்றார்.

நான் வாங்கிப் பார்த்தேன். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலது பெருவிரலால் தள்ளினேன். திறந்தது! மடித்தேன். மறுபடி தள்ளினேன். எத்தனை இலேசு... தண்ணீருக்குள்ளிருந்து மீன் ஒன்று திரும்புவதுபோல அலகு திரும்பியது. விலையும் அதிகமில்லை.

அந்தக் கணத்தில் எனக்குத் தெரிந்தது பூங்கா வாங்கு. அதில் அவர் இருக்கிறார். முழங்காலிடையில் அப்பிள். தோல் சுருள் சுருளாக இறங்குகிறது. அவர் குளத்தைப் பார்த்துக்கொண்டு, பேசாமல், தானே வெட்டித் தானே சாப்பிடுகிறார். பக்கத்தில் நான். என் கைகள் மடியில் சும்மா கிடக்கின்றன.

கத்தியைக் கண்ணாடி மேல் வைத்துவிட்டு, யோசித்துவிட்டு வருகிறேன் என்றேன். கிழவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டார். "என்னவாம்?"

"ஏலாதாம் அப்பா" என்றேன். மகள் கூப்பிடுவதைப் போலத்தான் நானும் அவரைக் கூப்பிடுவேன். "ஒரு கையால திறக்கிற எந்தக் கத்தியும் இஞ்ச குற்றமாம். வீட்டில வைச்சிருந்தாலே பொலிஸ் பிடிக்குமாம்."

"எந்தக் கத்தியுமோ? ஸ்பிரிங் இல்லாததும் கூடாதோ?"

"ஒண்டும் கூடாதாம்."

"அப்ப சரி" என்றார். என்னை ஒரு துளியும் சந்தேகிக்கவில்லை. சந்தேகித்திருக்கலாமே! மகளிடம் கேட்டிருக்கலாம். அவள் லண்டனின் மறுபக்கத்தில், பிளேஸ்டோவில் இருக்கிறாள், ஒரு போன் அடித்தால் ஐந்து நிமிடத்தில் தேடிச் சொல்லியிருப்பாள். கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். தன்னால் ஓர் அப்பிளை வெட்ட ஏலாது என்று மகளிடம் சொல்ல அவருக்கு வெட்கம்.

நான் வெட்டினேன். அவர் சாப்பிட்டார். ஆனால்... எதை நான் காப்பாற்றினேனோ, அதுவே மெல்ல வடிந்துபோனது. பேச்சுக் குறைந்தது. துண்டை நீட்டினால் பார்க்காமல் வாங்கினார். சிறுபிள்ளைக்குக் கொடுப்பதுபோல நான் கொடுக்கிறேன் என்று நினைத்திருப்பார். குளிர்காலம் வந்தபோது பூங்காவுக்கே வரமாட்டேன் என்றார்.

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம் இல்லையா? ஒரு நாள் வாய்ப்பு என் வரவேற்பறைக்கே வந்தது.

சிவம், அவருடைய பழைய கூட்டாளி. பல வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டு, இப்போது லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் கடை வைத்திருப்பவர். பார்க்க வந்தவர், கதையோடு கதையாக ஜாக்கெட் பையிலிருந்து ஒன்றை எடுத்து என் கணவரின் உள்ளங்கையில் வைத்தார்.

"அண்ணை, இது அங்க இருக்கேக்க வாங்கினது. எனக்கு என்னத்துக்கு? நீங்கள் வைச்சிருங்கோ. பட்டனை அமத்துங்கோ பாப்பம்."

அவர் அமத்தினார். சடக் என்று அலகு பாய்ந்தது. அவருடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! அரைவாசி அசையாத அந்த முகம் முழுவதுமாக மலர்ந்ததுபோல இருந்தது. ஜன்னல் வெளிச்சம் அலகில் பட்டு, கூரையில் ஒரு நீளமான புள்ளியாக ஓடியது. மடித்தார்... தன் தொடையில் அழுத்தி, எவ்வளவு கெட்டித்தனமாக மடித்தார்! மறுபடி அமத்தினார். மூன்று தரம்.

பிறகு கத்தியைச் சிவத்திடம் நீட்டினார்.

"வேண்டாமடாப்பா. மலர் எல்லாம் வாசிச்சுச் சொன்னவா. இஞ்ச இது பிழை. என்னால அவாவுக்கு ஒரு கரைச்சல் வரக்கூடாது."

என்னால் அவாவுக்கு!

நான் தேநீர்த் தட்டோடு கதவடியில் நின்றேன். 'வேறொன்று இருக்கிறது, நாளைக்கே வாங்கி வாறன்' என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். சொன்னால், இத்தனை மாதம் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். நான் தட்டை மேசையில் வைத்தேன். "சீனி போதுமோ பாருங்கோ சிவம்" என்றேன்.

மாசி மாதத்தில் இரண்டாவது தரம் பாரிசவாதம் வந்தது. இம்முறை வலப்பக்கம். பேச்சும் போனது.

அந்தப் பொய்யால் இது வரவில்லை என்பது எனக்குத் தெரியும். என்னைத் தேற்ற நீங்கள் அதைச் சொல்ல வேண்டாம். கணக்கு வேறு. முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் இடையில் அவருக்கு ஒன்றரை வருடம் ஒரு கை இருந்தது. நல்ல கை. முப்பது வருடம் வேலை தெரிந்த கை. அந்த ஒன்றரை வருடத்தை நான் எடுத்துக்கொண்டேன். என் பக்கத்தில் ஒருவர் எனக்காகக் காத்திருக்க வேண்டும் என்ற ஆசையில்.

இப்போது எல்லாவற்றையும் நானே வெட்டுகிறேன், மசிக்கிறேன், ஊட்டுகிறேன். மகள் சனிக்கிழமைகளில் வந்து என்னைக் கட்டிப்பிடித்து, "அம்மா, யூ ஆர் அமேசிங்" என்கிறாள். நான் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறேன்.

போன கிழமை சொல்லிவிட்டேன். அவளிடம் அல்ல, அவரிடம். பின்னேர வெயில் கட்டிலில் விழுந்திருந்தது. நான் அவர் காதடியில் குனிந்து, கடையையும் கிழவரையும் பெருவிரல் வைக்கும் துளையையும் பற்றி, ஒன்றும் விடாமல் சொன்னேன். "நான் உங்களுக்குப் பொய் சொன்னனான் அப்பா" என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிவில் கண்களை மூடினார். நித்திரையா, வேறா...

அவரால் பதில் சொல்ல முடியும், தெரியுமா உங்களுக்கு? வைத்தியசாலையில் பழக்கிவிட்டிருக்கிறார்கள். ஓம் என்றால் ஒரு தரம் இமைப்பார். இல்லை என்றால் இரண்டு தரம். தண்ணீர் வேணுமோ, குளிருதோ, லைட்டை நிற்பாட்டவோ... ஒவ்வொரு நாளும் நூறு கேள்வி கேட்கிறேன். எல்லாவற்றுக்கும் பதில் வருகிறது.

நான் சொன்னது விளங்கியதோ என்று மட்டும் இன்னும் கேட்கவில்லை.