ஐந்து வரிசைப் பருத்தி

மரபணு மாற்றிய பருத்தியை விதைப்பவர் வயலைச் சுற்றி ஐந்து வரிசை சாதாரணப் பருத்தியும் நட வேண்டும் என்பது விதி. அதற்கான விதையைத் தனிப் பொட்டலமாக விதைப் பையோடே கொடுத்துவிடுவார்கள். அந்த வரிசைகளில் சாதாரணப் புழுக்களும் தின்று பிழைத்திருந்தால்தான், மரபணுப் பருத்தியின் விஷத்தைத் தாங்கும் புழு மட்டுமே பெருகுவதைத் தடுக்க முடியும். நல்ல விதி. ஓய்வு பெறும்வரை அரசு அலுவலகத்தில் விதிகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். நல்ல விதியைக் கண்டால் கொஞ்சம் பயம்.

எருமப்பட்டிக்குத் தெற்கே என் முக்கால் ஏக்கர் காட்டை மூன்று பக்கமும் மரபணுப் பருத்தி சூழ்ந்திருக்கிறது. நான்காவது பக்கம் தார்ச்சாலை. ஆவணியில் நான் பழைய நாட்டு ரகம் ஒன்றை விதைத்தேன். அதில் மிச்சமிருந்ததே ஒரு தூக்குப்போசிப் பாத்திரம் நிறைய விதை. இன்னும் ஒரு வருடம் வைத்தால் முளைக்காது என்று மொத்தத்தையும் போட்டுவிட்டேன். மறுவிதை எடுப்பதற்காகவே அந்த வெள்ளாமை.

அதே வாரம் பக்கத்துக் காட்டுக்காரரிடம் பொட்டலத்தைப் பற்றிக் கேட்டேன்.

“அதுங்களா சார்? கொட்டாய்க் கூரையில சொருகி வெச்சிருக்கறனுங்க.”

“நடத்தானே குடுத்தாங்க?”

“நட்டா அதுல புழு வருமுங்க.”

“வரட்டும்னுதான் நடச் சொல்றாங்க.”

“அதுக்குத்தான் நீங்க இருக்கறீங்களே!”

புல எண், வரைபடம், ஒப்புகை அட்டை எல்லாம் சேர்த்து வேளாண் அலுவலகத்துக்கு மனு அனுப்பினேன்: நடவு முடிவதற்குள் சுற்றியுள்ள மூன்று காட்டுக்காரர்களையும் அந்த ஐந்து வரிசை நடச் சொல்லுங்கள். பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். இத்தகைய நினைவூட்டல்களை எந்தக் காகிதக் கட்டுக்குள் வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்; நானே வைத்திருக்கிறேன்.

கார்த்திகையில் காய்களில் துளை விழுந்தது. சுற்றுவட்டாரத்தில் புழு பிழைக்க இருந்த ஒரே இடம் என் காடு. பிடுங்கினால் விதை போகும். விட்டுவைத்தால் மூன்று காட்டுப் புழுவுக்கும் நான்தான் சோறு போட வேண்டும். வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்தேன். பிறகு, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, கடை மருந்தும் அடித்தேன். புழு கொஞ்சம் செத்தது. பொறிவண்டும் தேனீயும் மொத்தமாகப் போயின.

தையில் எடுத்த விதை தூக்குப்போசியின் அடியைக்கூட மறைக்கவில்லை. ஈரத்துணியில் கட்டிப் பார்த்தேன், ஒன்றும் முளைக்கவில்லை. செடிகளைப் பிடுங்கிவிட்டு ஆடுகளை மேயவிட்டேன்.

பிறகு வந்தது பதில். புலத்தணிக்கை செய்யப்பட்டதாம். அந்தப் பரப்பில் சாதாரணப் பருத்தி போதிய அளவு இருப்பதால் மேல்நடவடிக்கை தேவையில்லையாம். ஆதாரமாகக் காட்டியிருந்த புல எண் என்னுடையது. கடிதத்தின் நடையில் ஒரு பிழை இல்லை. உறையின் மேல், வந்த தேதியை நானே போட்டு வைத்தேன்: மாசி பன்னிரண்டு.